ஓர் ஊழியரின் தந்தை

மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு யாரோ தொண்டையைச் செருமியதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் வீட்டுக் குளியலறையில் தினமும் காலையில் கேட்கிற செருமல். கல்யாணமாகி வந்த பதினோரு வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகியது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. மாமனார்தான்.

அவள் நகராட்சியில் குறிப்பாளர். வரி சம்பளக் குழு கூடும்போதெல்லாம் மூலையில் ஒரு சின்ன மேசையில் உட்கார்ந்து, யார் என்ன பேசினாலும் அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். அவள் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. குழுவில் ஐந்து பேர். மருந்துக்கடைக்காரர் தலைவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர். மற்ற மூவரும் கடிகாரத்தைப் பார்ப்பவர்கள்.

அன்றைக்குப் பொதுமக்கள் பேசும் நாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. நனைந்த குடைகளை எல்லோரும் நாற்காலிக்கு அடியில் வைத்திருந்ததால் தரையெல்லாம் தண்ணீர். விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். ஒன்பது வருடமாக வீடுகளை மறு அளவு செய்யவில்லை, வீட்டு வரியும் ஏறவில்லை. இப்போது ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் போதவில்லை. ஒன்று, ஆள் போய் அளந்துவரும் புது அளவுப்படி வீட்டு வரியை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஊழியர் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கை வெட்ட வேண்டும். எட்டில் ஒரு பங்கு என்பதில் அவள் சம்பளமும் இருந்தது, அவள் கணவன் சம்பளமும் இருந்தது. அதையும் அவள்தான் முதல் பக்கத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்தாள்.

ஆளுக்கு மூன்று நிமிடம்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றார் மாமனார். "நான் ஒரு வீட்டுக்காரன். வாடகை வாங்கற வீட்டுக்காரன் இல்லீங்க, குடியிருக்கற வீட்டுக்காரன். தொழில் வெல்டிங். இப்ப இல்ல, கண்ணு போயிடுச்சு. ஒரு கண்ணு போனது இந்த வீட்டைக் கட்டினதாலதான். முதல்ல ஒரு ரூம். அப்புறம் சமையலறை. பையனுக்குக் கல்யாணம்னதும் மாடியில ஒரு ரூம், அதுக்கு இரும்புப் படி. படியை நானே அடிச்சேன். இப்ப உங்க ஆளு வந்து டேப்பு வெச்சு அந்தப் படியையும் அளந்துட்டுப் போறான். வரி மூணு மடங்கு வரும்ங்கறான். படியில யாருங்க குடியிருக்கா?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் அவரைக் கெடுத்தது என்று அவள் பிற்பாடு நினைத்துக்கொண்டாள். மனுஷனுக்கு ஆயுசில் முதல் தடவையாக மைக் கிடைத்திருக்கிறது. இருநூறு பேர் சிரிக்கிறார்கள். அவரால் நிறுத்த முடியவில்லை.

"சம்பளம் பத்தலைங்கறாங்க. எதுக்குங்க சம்பளம்? எங்க வீட்டுலயே ஒருத்தன் இருக்கான். கீழ்த்தெரு பம்ப் ஹவுஸ்ல ராத்திரி வேலை. என் பையன்தான். காலையில வந்ததும் கேப்பேன், ராத்திரி தூங்கினியாடான்னு. நல்லா தூங்கினேன்ப்பாம்பான். சாப்பிட்டுட்டு மறுபடியும் மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் தூங்குவான். ராத்திரித் தூக்கத்துக்கு நகராட்சி சம்பளம். பகல் தூக்கத்துக்கு நான் கட்டின மாடி ரூம். ரெண்டுக்கும் சேர்த்து நான் வரி கட்டணுமா?"

சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். அவளுடைய விரல்கள் தம்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தன. காதில் விழுவது விரலுக்குப் போய்விடும், நடுவில் மனசுக்கு வேலை இல்லை. அப்படித்தான் பழக்கியிருந்தாள். 'என் பையன்தான்' என்ற இரண்டு சொல் திரையில் விழுந்த பிறகுதான் அது தன் கணவன் என்று அவளுக்கு உறைத்தது.

தலைமை ஆசிரியை கேட்டார்: "ஐயா, இதெல்லாம் உங்க பையனுக்குத் தெரியுமா? அவர் வந்திருக்காரா?"

"அவன் தூங்கறாம்மா."

இந்தத் தடவை குழுவில் இருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலைப் பக்கம் திரும்பினார். "அம்மா, அதை ஒரு எழுத்து விடாம எழுதிக்கங்க. முக்கியமான சாட்சி."

*

கூட்டம் முடிந்து அவள் இறங்கி வந்தபோது மாமனார் பஸ் நிறுத்தத்தில் குடையோடு காத்திருந்தார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"எப்படிப் பேசினேன்? வெளியே வந்ததும் நாலு பேரு கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்கம்மா. ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்தாரு."

பஸ் ஒன்று வந்து நின்று போனது. இருவருமே ஏறவில்லை.

"மாமா, நீங்க யாரைப் பத்திப் பேசினீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"பேரு சொல்லலையே நான்."

"கீழ்த்தெரு பம்ப் ஹவுஸ்ல ராத்திரிக்கு ஆளு ஒருத்தர்தான். என் பையன்னு வேற சொல்லிட்டீங்க. இன்னும் பேரு எதுக்கு?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா. சபையில நாலு விஷயம் சொன்னாத்தானே எடுபடும்."

"நான் டைப் அடிச்சிருக்கேன் மாமா. என் கையாலயே."

"அழிச்சுடேன்."

"அழிக்க முடியாது."

"ஏன், ரப்பர் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நான் பொய் ஒண்ணும் சொல்லலையே. தூங்கறேன்னு அவன் வாயாலதானே சொல்றான்."

அவளிடமும் அவன் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவன் வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஐந்தரை இருக்கும். மேசையில் ரொட்டியும் முட்டையும் பாதி தின்றபடி கிடந்தன. போன் பக்கத்தில் கிடந்தது. பம்ப் ஹவுஸில் பகல் முறை பார்ப்பவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார் என்று அவளுக்குப் பார்த்ததுமே புரிந்தது.

அவன் அப்பாவைப் பார்த்தான். கத்தப் போகிறான் என்று அவள் இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"நல்லா பேசினீங்களாமேப்பா," என்றான். குரலில் கோபம் இல்லை. அடி வாங்கியவன் எங்கே பட்டது என்று இன்னும் பார்க்காதவன் போல இருந்தான். "நீங்க சொன்னதுல என்ன தப்பு. நான்தானே சொன்னேன்."

மீதி ரொட்டியை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போய்விட்டான். மாமனார் கை கழுவப் போனவர், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அப்படியே நின்றிருந்தார்.

*

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் வந்தபோது மாமனார் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்கவில்லை. அவன்தான் ஆரம்பித்தான்.

"இன்னைக்குக் கேக்கலையா?"

"என்னத்தைக் கேக்க."

"தூங்கினியான்னு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அடுப்பில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கலைப்பா," என்றான் அவன். "நேத்தும் தூங்கலை. அதுக்கு முந்தின நாளும் தூங்கலை. பதினோரு வருஷமா அங்க ஒரு நாளும் தூங்கலை."

உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான். பெருமையாகவும் சொல்லவில்லை, புலம்பவும் இல்லை. கடையில் என்னென்ன வாங்க வேண்டும் என்று சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னான். கீழ்த்தெருப் பக்கம் நாலாயிரம் வீட்டுக் கழிவுநீர் அந்தக் குழிக்கு வருகிறது. பள்ளம் என்பதால் தானாகப் போகாது, மோட்டார் வைத்து மேலே ஏற்ற வேண்டும். தண்ணீர் உள்ளே வரும் வாயில் கம்பித் தடுப்பு இருக்கிறது. துணி, பிளாஸ்டிக் பை, முடி, போர்வைகூட அதில் வந்து அடைக்கும். அரை மணிக்கு ஒரு தரம் நீளக் கரண்டியால் வாரிப் போட வேண்டும். மழை என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம். தண்ணீர் ஏறினால் மேலே எழும்பி மோட்டாரை ஓட்டிவிடும் மிதவையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டால் அது எழும்பாது. அப்போது மோட்டாரைக் கையால் போட வேண்டும்.

"மோட்டார் நின்னா நாப்பது நிமிஷம்ப்பா. நாப்பதாவது நிமிஷம் கீழ்த்தெருவுல தரை வீட்டுக் கக்கூஸ் எல்லாம் பொங்கும். ஆஸ்பத்திரியும் அந்தத் தெருவுலதான் இருக்கு. உக்காருவேன். கண்ணை மூட மாட்டேன்."

"அப்ப ஏண்டா அப்படிச் சொன்னே?"

"வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நீங்க விடிய விடிய முழிச்சிருந்தீங்க. அம்மா செத்த வருஷம் அது. வந்து படியேறும்போது பாத்தா நீங்க மாடிப் படியில உக்கார்ந்திருக்கீங்க. ராத்திரி தூங்கினியான்னு கேட்டீங்க. தூங்கினேன்னேன். அன்னைக்கு ராத்திரி நீங்க தூங்கினீங்க. அப்புறம் அப்படியே பழகிப் போச்சு."

மாமனார் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அவனே தொடர்ந்தான்.

"போன வருஷம் ஸ்கூட்டர் பள்ளத்துல விழுந்துடுச்சுன்னு சொன்னேன்ல? ஒரு செருப்பு போச்சுன்னு?"

"ஆமா."

"ஸ்கூட்டர் விழலை. குழிக்குள்ள நான்தான் விழுந்தேன். மிதவையைச் சுத்தம் பண்ண இறங்கினேன், ஏணிப் படி ஒண்ணு கையோட வந்துடுச்சு. இடுப்பு வரைக்கும் போயிட்டேன். கேபிளைப் பிடிச்சுத் தொங்கி ஏறி வந்தேன்."

அடுப்பில் தேநீர் பொங்கி வழிந்தது. அவள் அணைக்கவில்லை. அந்தத் துணிகளை அவள்தான் துவைத்தாள். மூன்று தடவை துவைத்தும் நாற்றம் போகவில்லை. எந்தச் சாக்கடையில் போய்ப் புரண்டாய், குடித்திருந்தாயா என்று அவனைப் பிடித்து உலுக்கியிருந்தாள். ஆமாம், கொஞ்சம் குடித்திருந்தேன் என்று அவன் ஒப்புக்கொண்டான். குடிக்காதவன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"என்கிட்டயுமா?" என்றாள்.

"உன்கிட்டச் சொன்னா வேலையை விடச் சொல்லியிருப்பே."

அவள் கையில் இருந்த கரித்துணியை மேசை மேல் எறிந்தாள். அவன் மேல் எறியத்தான் நினைத்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பகல் முறை. யாரிடமும் சொல்லாமல் மாமனார் பஸ் ஏறிப் பம்ப் ஹவுஸுக்குப் போய்விட்டார். இதை அவன் வந்து அவளிடம் சொன்னான்.

ஒரே ஒரு பெரிய அறை. தகரக் கூரை. இரண்டு மோட்டாரும் மாற்றி மாற்றி ஓடும் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். நாற்றம் அடித்தது, ஆனால் மாமனார் மூக்கைப் பிடிக்கவில்லை. கம்பித் தடுப்பில் அவன் வாரிப் போடுவதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். ஒரு குழந்தையின் சட்டை வந்தது. பிறகு அரை மூட்டை ஈரத் துணி. அதற்குப் பிறகு ஏணியைக் காட்டச் சொன்னார்.

குழியின் விளிம்பில் மண்டி போட்டு உட்கார்ந்து, கையை விட்டு முதல் மூன்று படியைத் தடவினார். ஒரு கண் போனாலும் அவர் விரலுக்கு இரும்பு தெரியும். நகத்தால் சுரண்டினார். துரு அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது.

"இதுல வெல்டு இல்லடா. பெயிண்ட்டுதான் பிடிச்சு வெச்சிருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சே இறங்கறியா?"

"வேற ஏணி இல்லையே."

"எழுதிக் கொடுத்தியா?"

"மூணு தடவை."

"என்ன சொன்னாங்க?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "வீட்டு வரி ஏறினா புது ஏணி போடறோம்னாங்க."

மாமனார் அங்கே கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். "என் பழைய வெல்டிங் மிஷின் கூட்டாளிகிட்ட இருக்கு. நாளைக்குக் கொண்டாந்து நானே பத்த வெச்சுடறேன்," என்றார்.

"இங்க ஒரு பொறி பறந்தா நீங்க, நான், கூரை மூணும் சேர்ந்து போவோம்ப்பா. குழிக்குள்ள வாயு இருக்கு."

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். வீட்டில் எது உடைந்தாலும் அந்தக் கைகள் சரிசெய்துவிடும். கதவு, கட்டில், கொடிக்கம்பி, எல்லாம். இதற்கு அவை உதவாது என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அடுத்த கூட்டம் என்னைக்கும்மா?" என்று மருமகளிடம் கேட்டார்.

*

செவ்வாய்க்கிழமை. முடிவெடுக்கும் கூட்டம். மாமனார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்துக் கையசைத்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் ஆரம்பிக்கும் முன்பே மாமனார் எழுந்து நின்றார்.

"நான் பேசணும்."

"நீங்க போன வாரமே பேசிட்டீங்க ஐயா. ஒரு விஷயத்துல ஒருத்தருக்கு ஒரு தடவைதான்."

"அன்னைக்குப் பேசினது தப்பு. அதை மாத்தணும்."

"மாத்தறதுக்கு இது சட்டை இல்லீங்களே," என்றார் தலைவர். சிரிப்பு.

"ஒரு நிமிஷம் கொடுங்களேன், என்ன குறைஞ்சுடும்," என்றார் தலைமை ஆசிரியை.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் டீச்சர்." தலைவர் காகிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். அவர் படிக்கப் படிக்க அவள் தட்டச்சு செய்தாள். வீட்டு வரி இந்த ஆண்டும் மாற்றமின்றித் தொடரும். ஊழியர் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு குறைக்கப்படும். காரணம் என்ற இடத்தில் தலைவர் குரலை உயர்த்தினார்: "இரவுப் பணியாளர்கள் பணிநேரத்தில் உறங்குவதாக ஓர் ஊழியரின் தந்தையே இக்குழுவின் முன் சாட்சியம் அளித்திருப்பதால்..."

மாமனார் நின்றபடியே இருந்தார். அடித்து வைத்த சிலை மாதிரி. தான் சொன்னது இப்படி ஒரு பெரிய வாக்கியமாகித் தன்னையே பார்த்து நிற்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

"அந்தத் தந்தை நான்தான்," என்றார். மைக் இல்லை. ஆனால் பட்டறைச் சத்தத்தில் கத்திப் பழகிய குரல் அல்லவா, மூலைக்கு மூலை கேட்டது. "நான் தெரியாம சொன்னேன். அவன் தூங்கறதில்ல. நான் தூங்கணும்னு பொய் சொல்லியிருக்கான். குழியில விழுந்து செத்துப் பொழைச்சிருக்கான், அதையும் சொல்லலை. ஏணி இத்துப் போயிருக்கு. அந்த ஏணிக்கு என் வீட்டு வரி வேணும்னா எடுத்துக்கங்க. படியையும் அளந்துக்கங்க. என் பேச்சை மட்டும் திருப்பிக் கொடுங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"ஐயா, உக்காருங்க. இது குறிப்புல ஏறாது," என்றார் தலைவர். பிறகு மூலைப் பக்கம் திரும்பினார். "அம்மா, டைப் அடிக்கறதை நிறுத்துங்க."

சத்தம் நிற்கவில்லை.

"உங்களைத்தாம்மா."

அவள் நிறுத்தவில்லை. திரும்பவும் இல்லை. அந்த அறை முழுக்க அவளுடைய விசைச் சத்தம் மட்டும் கேட்டது. 'என் பேச்சை மட்டும்' வரைக்கும் வந்திருந்தாள். 'திருப்பிக் கொடுங்க' என்று முடித்து, புள்ளி வைத்து, கீழே 'தலைவர்: அம்மா, டைப் அடிக்கறதை நிறுத்துங்க' என்பதையும் அடித்த பிறகுதான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பதினான்கு வருட வேலையில் இவள் சொன்னதைக் கேட்கமாட்டாள் என்று யாரும் சொன்னதில்லை. அவளுக்கே அவளைப் பார்த்து அதிர்ச்சியாக இருந்தது.

ஓட்டெடுப்பு நடந்தது. மூன்றுக்கு இரண்டு. சம்பளம் குறைந்தது. தலைமை ஆசிரியையோடு இன்னொருவரும் எதிர்த்துக் கை தூக்கினார். அவர் ஏன் தூக்கினார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தின வாரத்துப் பக்கம் அப்படியே இருந்தது. சொன்ன சொல் கேட்காததற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பதினைந்தாம் நாள் கீழ்த்தளத்தில் வரி வாங்கும் ஜன்னலுக்கு மாற்றினார்கள்.

வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லிக்கொள்ளவில்லை. மாதக் கடைசியில் முட்டை நின்றுபோய் வெறும் ரொட்டி ஆனது, அவ்வளவுதான். காலையில் அவன் வந்ததும் இப்போது தானாகவே சொல்கிறான். நேற்று எத்தனை தடவை வாரினேன், எது வந்து அடைத்தது, எந்த மோட்டார் மக்கர் செய்தது என்று. மாமனார் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வார். இறங்கினாயா என்று மட்டும் கேட்பார். இறங்கினேன் என்றால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஆனாலும் தினமும் கேட்டார்.

*

வரி கட்டும் மாதம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே வரிசை தெரு வரைக்கும் நீண்டிருந்தது. பழைய வரியே என்பதால் எல்லோர் முகத்திலும் தெம்பு இருந்தது. பதினோரு மணி வாக்கில் அவள் நிமிர்ந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

"நான் சாயங்காலம் கட்டியிருப்பேனே மாமா. நீங்க எதுக்கு வரிசையில..."

"என் வீட்டு வரி. நான்தான் கட்டணும்."

பில்லோடு ஒரு கட்டு நோட்டை உள்ளே தள்ளினார். அவள் எண்ணினாள். மூன்று மடங்கு இருந்தது. எங்கே புரட்டினார் என்று கேட்க வாய் எடுத்தவள், அவர் இடது கை விரலைப் பார்த்தாள். மாமியார் போட்ட மோதிரம் என்று குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். விரலில் வெள்ளையாகத் தடம் மட்டும் இருந்தது.

"மாமா, இது அதிகம்."

"புது அளவுப்படி. அந்த ஆளு அளந்துட்டுப் போனானே, அதுப்படி."

"அந்த அளவு ரத்தாயிடுச்சு. பில்லுல இருக்கறதைத்தான் நான் வாங்க முடியும்."

"ஏணிக்குன்னு எழுதிக்க."

"அப்படி ஒரு இடம் இதுல இல்ல மாமா."

"சம்பளத்துக்குன்னு?"

"அதுவும் இல்ல."

பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். "என்ன பெரியவரே, வேண்டாங்கற பணத்தைத் திணிக்கறீங்க? எங்ககிட்டக் கொடுங்க." வரிசையில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

"ஏறக்கூடாதுன்னு நான் சொன்னப்ப எழுதிக்கிட்டீங்க," என்றார் மெதுவாக. "கட்டறேங்கறப்ப வாங்க மாட்டீங்களா?"

அவள் ரசீதைப் போட்டு முத்திரை குத்தினாள். பில்லுக்கான பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி நோட்டை ரசீதோடு வெளியே தள்ளினாள். அவர் ரசீதை மட்டும் எடுத்துக்கொண்டு நோட்டைத் திரும்ப உள்ளே தள்ளினார். அவள் மறுபடி தள்ளினாள். அவரும் தள்ளினார். வரிசை சலசலத்தது. உள்ளே இருந்து மேலாளர், "என்னம்மா அங்க?" என்று குரல் கொடுத்தார்.

அந்த ஜன்னலில் ஒரு கை நுழைகிற அளவுக்குத்தான் இடம். அவள் நாற்காலியை விட்டு எழுந்து, கையைத் தோள் வரைக்கும் வெளியே நீட்டி, நோட்டுக்கட்டை அவர் சட்டைப் பையில் வைத்து, விழாமல் ஒரு அழுத்து அழுத்தினாள். உள்ளே அவர் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது அவள் விரலுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

பிறகு உட்கார்ந்து, "அடுத்தவங்க வாங்க," என்றாள்.